பெக் லுவான் முடுக்கிய தளம்

மலேசியக் கடலோர ஊரான சுங்கை தெரிதிப்பில் வந்து இறங்கி, தே பெக் லுவான் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆணிக்காரி வீடு எது என்று கேட்டால் சைக்கிளை நிறுத்தாமலே கையைக் காட்டிவிட்டுப் போவார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான் அது. அவள் அதைப் பட்டம் வாங்கியதுபோல எடுத்துக்கொண்டு, ஐம்பது வயதைத் தாண்டியும் அதே நிமிர்வோடு திரிகிறாள்.

அந்த ஊரில் தரை என்று சொல்லிக்கொள்ளச் சேறு மட்டும்தான் உண்டு. வீடு, காப்பிக்கடை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் கடலுக்கு மேல் கால் ஊன்றி நிற்கின்றன. வீதி என்றால் பலகை. பெக் லுவான் பாந்திங் பக்கம் மண்ணில் பிறந்து வளர்ந்தவள். சுவா எங் ஹாக் என்ற மீனவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த புதிதில், மீன் உருண்டை நிறைந்த பாத்திரத்தை இடுப்பில் அணைத்தபடி கடைக்குப் போனவள், ஆணி விட்டுப்போன ஒரு பலகையின் முனையில் கால் வைத்தாள். மறுமுனை எழுந்து நின்றது. அவளும் பாத்திரமும் சேற்றில். மேலே வலை பின்னிக்கொண்டிருந்த வாலிபர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஏறி வந்தவள் வீட்டுக்குப் போய்க் குளிக்கவில்லை. சேறு சொட்டச் சொட்ட எதிர்வீட்டுக் கதவைத் தட்டிச் சுத்தியல் கேட்டாள். ஆண்கள் கடலிலிருந்து வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

"அவங்க வர்ற வரைக்கும் நான் என்ன, பறந்தா போறது?" என்றாள்.

அன்றைக்கு அவள் அடித்த ஆணிகள் அடுத்த சீனப் புத்தாண்டு வருவதற்குள் துருப்பிடித்து மாவாகிவிட்டன. பலகை மறுபடியும் ஆடியது. அவளுக்கு வந்த கோபம் பலகை மேல் இல்லை, ஆணி மேல். பார்க்கப் பளபளவென்று இருந்துவிட்டு இப்படி ஏமாற்றுமா? கிள்ளானுக்குப் போகிறவர்களிடமெல்லாம் கடையில் கிடைக்கிற ஆணி, திருகாணி, போல்ட்டு எதுவானாலும் ஒன்றிரண்டு வாங்கி வரச் சொன்னாள். செங்கால் என்ற கெட்டி மரத்தின் துண்டு ஒன்றில் அவற்றை வரிசையாக முடுக்கி, தன் வீட்டுக்குக் கீழே, கடல் ஏறும்போது முழுகி இறங்கும்போது வெயிலில் காய்கிற உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். மற்றப் பெண்கள் மீன் காயப்போடுகிற இடத்தில் இவள் ஆணி காயப்போடுகிறாள் என்று ஊர் சிரித்தது. ஆணிக்காரி என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

அந்தக் கட்டை அவளுக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது. மெல்லிசாகப் பூச்சுப் பூசி மினுக்குகிறவை, மஞ்சள் திருகாணி உட்பட, முதலில் போயின. படகுப் பட்டறைக்காரர்கள் பயன்படுத்துகிற, உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சாம்பல் நிறப் போல்ட்டுகள், பார்வைக்குச் சொரசொரவென்று அசிங்கமாக இருந்தாலும், ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. எவர்சில்வர் திருகாணிகள் சிப்பி ஒட்டிக் கிடந்தாலும் சுரண்டினால் உள்ளே புதுசாக இருந்தன. ஆனால் எவர்சில்வர் போல்ட்டுக்கு மட்ட வாஷரைப் போட்டால் வாஷர் மட்டும் அவசரமாகக் கரைந்தது. ஒரே ஜாதியைத்தான் ஜோடி சேர்க்க வேண்டும் என்று அப்போது தெரிந்துகொண்டாள். இருபத்தைந்து வருடமாக ஊர்ப் பலகை வீதியில் எது விட்டாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

கோயில் தளம் மட்டும் அவள் கைக்கு வராமல் இருந்தது. ஓங் யா சாமி கோயிலுக்கு முன்னால், கடலை நோக்கி நீண்டிருக்கும் அகலமான பலகைத் தளம் அது. திருவிழாவுக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, வீட்டில் கிடந்த ஆணியைக் கொண்டுவந்து அடித்துவிட்டுப் போவது வழக்கம். அதில் ஒரு புண்ணியம் இருப்பதாக எல்லோருக்கும் எண்ணம். சாமிப் பல்லக்கு சும்மா வருகிற பல்லக்கு இல்லை. சாமி இறங்கிவிட்டால் தூக்குகிறவர்கள் குதிப்பார்கள், முன்னும் பின்னும் ஓடுவார்கள், பல்லக்கை உலுக்குவார்கள். அடித்த ஆணி அந்த அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கிளம்பும். பெக் லுவான் பல தடவை சொல்லிப் பார்த்தாள். சாமி காரியத்தில் உன் ஆணிக் கணக்கு வேண்டாம் என்றார்கள்.

போன திருவிழாவில், ஆட்டம் உச்சத்துக்குப் போன நேரத்தில் ஒரு பலகை புரண்டது. முன்கொம்பைத் தாங்கியிருந்த எங் ஹாக்கின் வலதுகால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. பல்லக்கு சாய்ந்தது. சாமி சிலை கீழே விழாமல் பின்னால் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எங் ஹாக்குக்கு எலும்பு முறியவில்லை. சதை கிழிந்து, மழைக்காலம் முழுக்க நொண்டினார். கால் ஆறியது, மனசு ஆறவில்லை. சாமி அவரை வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என்று யாரோ காப்பிக்கடையில் சொன்னது அவர் காதுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் காப்பிக்கடைப் பக்கம் போகவே இல்லை. வீட்டிலேயே காப்பியைக் கலந்து, கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து குடித்தார்.

இந்த வருடம் தளத்தை முழுதும் பிரித்துப் புதிதாகப் போடுவது என்று கோயில் குழு முடிவு செய்தது. குழுத் தலைவர் லிம் சூ கியாட், ஐஸ் தொழிற்சாலை வைத்திருப்பவர். அவரே பெக் லுவான் வீட்டுக்கு வந்து கேட்டார். அவள் உடனே சரி சொல்லவில்லை.

"செய்யறேன். கூலி வேண்டாம். ஆனா முன்கொம்பை என் வீட்டுக்காரர்தான் தூக்கணும், போன தடவை மாதிரியே."

தலைவர் தயங்கினார். ஊரில் பேச்சு இருக்கிறது என்றார்.

"பேச்சு எனக்கும் தெரியும். சாமி அவரைத் தள்ளலை, ஆணிதான் தள்ளுச்சு. ஒத்துக்கிட்டா நாளைக்கே சுத்தியலோட வரேன்."

தலைவர் ஒத்துக்கொண்டார்.

பலகை வந்து இறங்கியது, நல்ல செங்கால். அதற்குப் பின்னாலேயே துறைமுகத்திலிருந்து வந்த படகில் சிவப்புக் காகிதம் சுற்றிய பெட்டிகள் வந்தன. கிள்ளானில் பெரிய இரும்புக்கடை வைத்திருக்கும் கூய் தியான் செங் அனுப்பியவை. இந்த ஊரில் பிறந்து, இளவயதிலேயே வெளியேறிப் பெரிய ஆளானவர். பெட்டிக்குள் தங்கம் மாதிரி மின்னும் மஞ்சள் திருகாணிகள், தளம் முழுவதற்கும் போதுமான அளவு. ஊரே பெட்டியைச் சுற்றி நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. நன்கொடையாளர் பலகையில் அவர் பெயரை எழுதியும் விட்டார்கள். பெக் லுவான் ஒரு பெட்டியைத் திறந்தாள், பார்த்தாள், மூடிவிட்டாள்.

"இது ஆகாது, தலைவரே."

சூ கியாட்டுக்கு முகம் வாடிப்போனது. "அக்கா, சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பி அனுப்பினா அந்த மனுஷன் ஊருக்குள்ள எந்த முகத்தோட வருவாரு? நான் எப்படி அவருக்குப் போன் பண்ணுவேன்?"

"நீங்க பண்ண வேண்டாம். நான் நேர்லயே போறேன்."

அன்று கடல் இறங்கியதும் வீட்டுக்குக் கீழே போய், அந்தக் கட்டையை அவிழ்த்தாள். செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுநாள் காலைப் படகில் ஏறினாள். படகில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு இருக்கைக்கு மாறினார்கள்.

தியான் செங்கின் கடை கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாக இருந்தது. அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்து உட்காரச் சொன்னார். சேற்றில் விழுந்த அன்றைக்குச் சிரித்த வாலிபர்களில் அவரும் ஒருவர். தேநீர் வந்தது. அதற்குள் வாடை கடை முழுக்கப் பரவிவிட்டது.

"என்ன அது, செத்த மீனா?"

"உன் திருகாணி" என்றாள் பெக் லுவான். செய்தித்தாளைப் பிரித்து மேசை மேல் வைத்தாள்.

அவர் முகம் சிவந்தது. கோலாலம்பூரில் எத்தனை வீடுகள் இந்தத் திருகாணியில் நிற்கின்றன தெரியுமா, பெரிய பெரிய ஒப்பந்தக்காரர்கள் வாங்குகிறார்கள், ஊர்க்காரர்களுக்கு என்று நல்லதைத்தானே அனுப்பினேன் என்று அடுக்கினார். அவள் தேநீரைக் குடித்து முடித்தாள். அவர் ஓய்ந்த பிறகு சொன்னாள்.

"நல்லதுதான், யார் இல்லைன்னா? என் சமையல்கட்டு அலமாரியில இதைத்தான் போட்டிருக்கேன். கூரைக்குக் கீழ இருக்கறதுக்கு இது போதும். உப்புத் தண்ணிக்குத்தான் ஆகாது. சாமி மண்டபத்துக்குள்ள மழை படாம உட்கார்ந்திருக்காரு, செங். தளத்துல குதிக்கறது நம்ம ஆளுங்க, வெறுங்கால்ல."

அவர் கட்டையைத் தன் பக்கம் இழுத்தார். மஞ்சள் திருகாணி இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. விரலால் சுரண்டினார். தலை கையோடு வந்து, மேசைக் கண்ணாடியில் சிவப்புப் பொடியாக உதிர்ந்தது. அந்தப் பொடியை விரலால் ஒதுக்கினார். பிறகு தன் அப்பாவின் படகுத்துறை ஒரு மழைநாளில் சரிந்து விழுந்ததைப் பற்றிச் சொன்னார். அப்போது எல்லோரும் மரம் உளுத்துவிட்டது என்றுதான் நினைத்தார்களாம்.

"ஊரை விட்டு வந்ததும் கடல் என்ன செய்யும்னே மறந்துட்டேன்" என்றார்.

எழுந்து பின்பக்கக் கிடங்குக்குப் போய், தூசு படிந்த பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். எவர்சில்வர் திருகாணி, நீளமானவை. படகு கட்டுகிறவர்கள் எப்போதாவது வந்து கேட்பார்களாம். பெக் லுவான் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"என்னையே சோதிக்கிறியா?"

"உன்னை இல்லை. உனக்கு வித்தவனை."

காந்தம் ஒட்டவில்லை, அசல் எவர்சில்வர்தான். நீளத்தையும் பலகையின் கனத்தை மனசில் வைத்து அளந்தாள். பலகையைத் தாண்டி அதைப்போல ஒன்றரை மடங்காவது அடிச்சட்டத்துக்குள் இறங்க வேண்டும் என்பது அவள் கணக்கு. இறங்கும். அதோடு விடவில்லை. பலகையைப் பிடிக்கத்தான் திருகாணி, சட்டத்தை உத்தரத்தோடு பிணைக்கிற இடத்தில் பக்கவாட்டு இழுப்பு வரும், அங்கே திருகாணி போட்டால் ஒடிந்துவிடும், குறுக்கே ஊடுருவிப் போகிற போல்ட்டுதான் வேண்டும், முக்கியெடுத்த சாம்பல் ரகம், நட்டும் அகல வாஷரும் அதே ரகம் என்றாள். தியான் செங் சிரித்துவிட்டார்.

"கொடுத்ததைத் திருப்ப வந்தவ, வந்ததுக்கு மேல வாங்கிட்டுப் போறியே."

"திருப்ப வந்தேன்னு யாரு சொன்னா? நீ சாமிக்குக் கொடுத்தது சாமிகிட்டயே இருக்கும். மண்டபத்துக்குள்ள விளக்குத் தட்டு, திருவிழா நாடகக்காரங்க அலமாரி எல்லாம் உன் மஞ்சள் திருகாணியிலதான் நிக்கப்போகுது."

வேலை தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தியான் செங்கே வந்துவிட்டார், நகரத்துச் செருப்போடு. தன் கையாலும் சில முடுக்க வேண்டும் என்று ஆசை. மின்துளைப்பானை வாங்கி, துளை போடாமலே ஒரு திருகாணியை நேராகச் செங்காலில் இறக்கினார். பாதியில் தலை டப்பென்று தெறித்தது. அடுத்ததும் அப்படியே. பலகை அடுக்கிக்கொண்டிருந்த தெருப் பெண்கள், கடைக்காரருக்கே சரக்கு அடங்கவில்லை என்று நக்கலடித்தார்கள். பெக் லுவான் ஒரு சவர்க்காரக் கட்டியை அவர் கையில் வைத்தாள்.

"முதல்ல துளை. அப்புறம் இதுல ஒரு தேய்ப்பு. அப்புறம் மெதுவா. இந்த மரத்தை மிரட்ட முடியாது, செங்."

அவர் மாலை வரைக்கும் முழங்காலிட்டு உட்கார்ந்து முடுக்கினார். தலை மரத்தோடு சமமாக நிற்க வேண்டும், மேலே நின்றால் கால் கிழியும், ஆழமாகப் போனால் குழியில் தண்ணீர் தங்கும். தப்பாகப் போட்டவற்றை அவள் கொஞ்சமும் தயவில்லாமல் கழற்றி மறுபடி போடச் சொன்னாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஓர் ஆணியைச் செருகி எடுத்து, மழைநீர் இறங்க இடம் விட்டாள். உத்தரத்துப் போல்ட்டு வேலை முழுக்க அடியில். கடல் இறங்கும் நேரம் பார்த்துச் சேற்றில் இடுப்பளவு நின்றுகொண்டு, அண்ணாந்து ஸ்பேனரைத் திருப்பினாள். அந்த வேலையை மட்டும் யாரிடமும் விடவில்லை.

எங் ஹாக் தினமும் தூரத்தில் நின்று பார்த்தார். ஒரு நாளும் தளத்தில் கால் வைக்கவில்லை. திருவிழாவுக்கு முந்தைய நாள் மதியம், சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"தாங்குமா, லுவான்?"

"தூக்கறது உன் வேலை. தாங்கறது என் வேலை. சாப்பிடு."

திருவிழாக் காலையில்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. புதுத் தளம் வந்த உற்சாகத்தில், பக்கத்து ஊர் இரண்டு கோயில்களின் பல்லக்குகளையும் தலைவர் அழைத்துவிட்டார். மூன்று பல்லக்குகளும் ஒன்றாக ஆடப்போகின்றன. பெக் லுவான் ஒரு பல்லக்குக்குத்தான் கணக்குப் போட்டிருந்தாள். அதிலும் தாராளமாகத்தான் போட்டிருந்தாள், ஆனாலும் மூன்றை நினைத்துப் போடவில்லை. தலைவரைத் தனியே இழுத்துப்போய்ப் பொரிந்து தள்ளினாள். அவர் கையைப் பிசைந்தார். விருந்தாளிகள் படகில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இனி என்ன செய்ய?

அவள் வீட்டுக்குப் போய்ப் புதுச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய சட்டையைப் போட்டாள். ஸ்பேனர்களையும் கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு சம்பான் என்ற சிறு படகில் ஏறி, துடுப்புப் போட்டுக் கோயில் தளத்துக்கு அடியில் போனாள். தூணில் கயிற்றைக் கட்டிவிட்டு, சம்பானில் மல்லாந்து படுத்தாள்.

மேலே மேளம் தொடங்கியது. ஊதுவத்திப் புகை பலகை இடைவெளி வழியாகக் கீழே இறங்கியது. முதலில் ஒரு பல்லக்கு, பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. காலடிகள் இடிபோல விழுந்தன. வெளிச்சக் கோடுகள் மறைந்து மறைந்து தெரிந்தன. அவள் விளக்கை ஒவ்வொரு போல்ட்டாக நகர்த்தினாள். சட்டம் உத்தரத்தோடு ஒட்டி நிற்கிறது. உத்தரம் தூணோடு ஒட்டி நிற்கிறது. மரத்தூள் கண்ணில் விழுந்தது, துடைத்துக்கொண்டு பார்த்தாள். தளம் முழுதும் ஒரே உடம்பாக அதிர்ந்தது. எங்கேயும் தனியாக ஒரு முனகல் இல்லை.

கடற்பக்க மூலையில் மட்டும் ஒரு வாஷர் லேசாகச் சுழல்வதைக் கண்டாள். புது மரம் அமுங்கி, நட்டு தளர்ந்திருந்தது. சம்பானைத் தள்ளிக்கொண்டு போய், தலைக்கு மேலே மூன்று ஊர்ச் சாமிகள் ஆடிக்கொண்டிருக்க, ஸ்பேனரைப் பூட்டி இரண்டு கைகளாலும் இழுத்தாள். நட்டு இறுகியது. வாஷர் மரத்தைக் கடித்து நின்றது. அதற்கு நேர்மேலே எங் ஹாக்கின் குரல் கேட்டது. தூக்குகிறவர்களுக்குத் தாளம் சொல்லிக் கூவுகிற குரல், ஒரு வருடமாக அவள் கேட்காத உரத்த குரல். "ஹேய், தூக்கு! ஹேய், தள்ளு!" என்று அவர் கூவக் கூவ மற்றவர்கள் பின்பாட்டாகக் கூவினார்கள். பெக் லுவான் ஸ்பேனரை மார்பின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கப்போவதில்லை என்பதால் அடக்கவில்லை.

கடல் ஏறி மூக்குக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லாமல் போன பிறகுதான் சம்பானை வெளியே தள்ளினாள். அதற்குள் ஆட்டமும் முடிந்திருந்தது. ஏணியில் ஏறி, தலையெல்லாம் மரத்தூளும் முகமெல்லாம் கிரீஸுமாக வந்து நின்றவளைப் பார்த்து, விருந்தாளிகள் இது யார் என்று கேட்டார்கள். தலைவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் எங் ஹாக் முந்திக்கொண்டார். வேர்வை வழிய, பல்லக்கின் கொம்பைத் தோளிலிருந்து இறக்காமலே சொன்னார்.

"இந்தத் தளம் போட்டவ. என் பொண்டாட்டி."

அவள் அடக்கமாகத் தலையைக் குனியவில்லை. "ஒரு ஆணி கிளம்பியிருக்கா, பாருங்க" என்றாள். விருந்தாளிகளில் சிலர் நிஜமாகவே குனிந்து தடவிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஓய்வில்லாமல் போயிற்று. பக்கத்து ஊர்க் கோயில்கள் இரண்டும் அவளை அழைத்துத் தங்கள் தளங்களைப் பிரித்துப் போட்டன. தியான் செங் தன் கடையில் கடல் வேலைக்கென்றே ஒரு தட்டு ஒதுக்கிவிட்டார். படகுத்துறை கட்டுகிறேன் என்று யாராவது வந்து மஞ்சள் திருகாணி கேட்டால், அவரே அவளுக்குப் போனைப் போட்டு வந்தவர் கையில் கொடுக்கிறார். அவள் அந்தப் பக்கத்திலிருந்து திட்டுகிற திட்டில் வாங்க வந்தவர் சரியான சரக்கோடு போய்ச் சேருகிறார். திருவிழா முடிந்ததும், பிறகு மழைக்காலத்துக்கு முன்னும், ஸ்பேனரோடு தளத்துக்கு அடியில் போய் நட்டுகளை ஒரு சுற்று இறுக்கிவிட்டு வருவதை அவள் வழக்கமாக்கிக்கொண்டாள்.

எங் ஹாக் இப்போது காலையில் வீட்டில் காப்பி குடிப்பதில்லை. காப்பிக்கடையில் வாசலைப் பார்த்து உட்காருகிறார். வெளியூர் ஆள் யார் படகில் வந்து இறங்கினாலும் கோயில் தளத்துக்குக் கூட்டிப்போய், எந்தப் போல்ட்டு எங்கே, ஏன் அந்த ரகம் என்று விளக்காமல் விடுவதில்லை. பாதிக்கு மேல் தப்பாகத்தான் சொல்கிறார். பெக் லுவானுக்கு அது தெரியும். அந்த வழியாகப் போகும்போது காதில் விழுந்தாலும் திருத்துவதில்லை. சைக்கிளை மெதுவாக மிதித்து, அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுவிட்டுப் போகிறாள்.